நிலவியலில் பிஎச்.டி: யாரிடம், எதைப் பற்றி?

நிலவியலில் பிஎச்.டி செய்ய எந்தெந்தப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். முதலில் இந்தப் பட்டம் உங்களுக்கு வேண்டுமா என்று பார்ப்போம்.

சுரங்கம், நிலத்தடி நீர், அணை, சுரங்கப்பாதைப் பணிகள் என்று நிலவியலாளர்களை எடுக்கும் இடங்களில் பெரும்பாலும் முதுகலைப் பட்டமும் கள அனுபவமுமே போதும். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவும் ஆய்வு நிறுவனத்தில் சொந்தமாக ஆராயவும் விரும்புகிறவருக்குத்தான் முனைவர் பட்டம் பெரும்பாலும் தேவைப்படும். வேலை கிடைக்கும்வரை படித்துக்கொண்டிருக்கலாம் என்று மட்டும் சேராதீர்கள். நாலைந்து வருடம் ஒரே கேள்வியோடு வாழ வேண்டியிருக்கும்.

அந்தக் கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. "பாறைகளின் வயது" என்பது ஒரு துறை. "இந்த மலைத்தொடர் எப்போது உயர்ந்தது?" என்பது ஆய்வுக்கான கேள்வி. கேள்வி கிடைத்ததும் அதற்கு விடை தரும் கருவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாறையின் வயதை அறியும் ஒரு வழியைப் பாருங்கள்: சிர்கான் என்ற கனிமம் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏறக்குறைய முழுவதும் ஒதுக்கிவிடும். ஆகவே பின்னாளில் அதில் காணும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. அதையும் மீந்திருக்கும் யுரேனியத்தையும் அளந்தால் வயது தெரியும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் மணிகளுக்கு ஏறக்குறைய 440 கோடி வருடம் என்று கண்டது இப்படித்தான். ஆனால் அந்த அளவீட்டுக்கு அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிரல்மானி வேண்டும், பல சமயம் மாசு புகாத ஆய்வகமும் வேண்டும். வயதை அளக்கும் இன்னொரு வழியான ஆர்கான்-ஆர்கான் முறை என்றால் மாதிரிகளை அணு உலைக்கு அனுப்பி நியூட்ரான் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியாக வேண்டும். அதிலேயே மாதங்கள் கரையும்.

அதனால் உங்கள் ஆய்வை வழிநடத்தப்போகும் நெறியாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். மாதிரிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றனவா? கருவி உங்கள் ஆய்வகத்திலா, வேறிடத்தில் வரிசையில் நிற்க வேண்டுமா? அளவீட்டுச் செலவு யாருடையது? களத்துக்குப் போக அனுமதி மறுக்கப்பட்டால் மாற்றுத் திட்டம் என்ன? நல்ல நெறியாளர் இந்தக் கேள்விகளால் மகிழ்வார். முகம் சுளிக்கிறவரிடம் சேர வேண்டாம் என்பேன்.

அவருடைய மாணவர்களோடு தனியாகவும் பேசுங்கள். முன்பு படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் படித்துத் தருகிறார் என்று விசாரியுங்கள். களத்தில் உடன் வருவது யார், தங்குமிடமும் கழிப்பறையும் எப்படி, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பதையும் கேளுங்கள். பெண்கள் இதைக் கேட்கத் தயங்குவதைப் பார்க்கிறேன். தயங்கவே கூடாது.

மலையேற முடியாதவருக்கும் இத்துறையில் இடம் உண்டு. பூமியின் கருவுக்குள் இன்னொரு கரு (உட்கரு) இருப்பதை டென்மார்க்கின் நிலநடுக்கவியலாளர் இங்கெ லேமான் (Inge Lehmann) 1936இல் நிலநடுக்கப் பதிவுகளைப் படித்தே கண்டார். இன்று அத்தகைய பதிவுகள் பெருமளவு இலவசம். பூமியைப் படமெடுக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் 2008 முதல் இலவசம். பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் புள்ளியியலும் தெரிந்தால் மேசையில் இருந்தபடியே நல்ல ஆய்வேடு எழுதலாம். களத்துக்குப் போகிறவருக்கும் இவை இரண்டும் வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: உதவித்தொகை இல்லாத இடத்தை ஏற்காதீர்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் கட்டண விலக்கும் மாதத் தொகையும் சேர்ந்தே வரும். வட ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஆய்வு மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். வாக்குறுதி எத்தனை வருடத்துக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இது. உங்களை ஈர்க்கும் மூன்று ஆய்வாளர்களின் கட்டுரைகளில் தலா இரண்டைப் படியுங்கள். விடை கிடைக்காமல் நின்ற இடத்தைக் கேள்வியாக்கி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அனுப்பும் முன் என்னிடம் காட்டுங்கள். பல்கலைக்கழகப் பட்டியலை அதிலிருந்தே தொடங்குவோம்.