எலும்பில் குறைவு, ரத்தக்குழாயில் மிகுதி – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 68 வயது. மூன்று மாதம் முன்பு வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு அடர்த்தி மிகவும் குறைந்திருக்கிறது என்றார்கள். அதே வாரம் எடுத்த இன்னொரு ஸ்கேனில் பெருந்தமனியில் கால்சியம் படிந்திருப்பதாக வந்தது. எலும்பில் இல்லாத கால்சியம் ரத்தக்குழாயில் எப்படிச் சேரும்? மருத்துவர் எழுதித்தந்த கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று பயமாக இருக்கிறது. இதைப் பற்றித் தேடியபோது குளோத்தோ என்ற ‘இளமை மரபணு’ குறித்துப் படித்தேன். அதன் பெயரில் மாத்திரையும் விற்கிறார்கள். நம்பலாமா?

கே.

அன்புள்ள கே,

மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம். இரண்டு அறிக்கைகளையும் ஒரே மருத்துவர் முன் வையுங்கள். எலும்பை ஒருவரும் இதயத்தை இன்னொருவரும் பார்க்கும்போது நீங்கள் கேட்ட கேள்வியை யாருமே கேட்பதில்லை. அது மிக நல்ல கேள்வி.

அதற்கு ஒரு விடை கிடைத்தது தற்செயலாகத்தான். 1990களில் ஜப்பானில் மகோட்டோ குரோ-ஓ என்ற ஆய்வாளர் உயர் ரத்த அழுத்தத்தை ஆராய்வதற்கென்று எலிகளை உருவாக்கிக்கொண்டிருந்தார். எலிக் கருவுக்குள் செலுத்தும் மரபணு எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஒரு எலிக்குடும்பத்தில் அது வேறொரு மரபணுவின் வாசலில் உட்கார்ந்து அதை ஏறக்குறைய முடக்கிவிட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தப் பழுதைப் பெற்ற குட்டிகள் மூன்று வாரம்வரை மற்ற குட்டிகளைப்போலவே ஓடித்திரிந்தன. பிறகு வளர்ச்சி நின்றது. தோல் மெலிந்தது, எலும்பு மெலிந்தது, ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து இறுகியது. இரண்டு ஆண்டுக்குமேல் வாழவேண்டியவை இரண்டே மாதத்தில் செத்தன. தேடியது ரத்த அழுத்தம், கையில் வந்தது முதுமை. சோதனை கெட்டுவிட்டது என்று ஒதுக்காமல் குரோ-ஓ அந்தக் குட்டிகளின் பின்னால் போனாரே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். 1997ல் அவரும் நபேஷிமாவின் குழுவினரும் அந்த மரபணுவை அறிவித்தார்கள். கிரேக்கப் புராணத்தில் உயிரின் நூலை நூற்பவளின் பெயரை அதற்கு வைத்தார்கள்: குளோத்தோ.

இனி உங்கள் கேள்வி. அந்த எலிகளின் ரத்தத்தில் கால்சியம் குறையவே இல்லை, கூடியிருந்தது. கால்சியத்தோடு சேர்ந்து எலும்பைக் கட்டும் உப்பான பாஸ்பேட்டும் கூடுதல், உடல் பயன்படுத்தும் நிலைக்கு மாறிய வைட்டமின் டியும் கூடுதல். எல்லோரும் சொல்லும் கணக்குப்படி அவற்றின் எலும்பு இரும்பாக இருந்திருக்கவேண்டும். ஏன் இல்லை?

பாஸ்பேட் சிறுநீரில் வீணாகும் ஒரு பரம்பரை நோயை ஆராய்ந்தவர்கள் 2000ல் எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோனைக் கண்டார்கள். அதைச் சுரப்பது எலும்பு! உடம்பைத் தாங்கும் கம்பு என்று நாம் நினைத்திருந்த எலும்பு, ‘பாஸ்பேட் போதும், வெளியேற்று, வைட்டமின் டியைக் குறை’ என்று சிறுநீரகத்துக்குச் சொல்லியனுப்புகிறது. அதைக் கேட்கும் காதின் ஒரு பாதி, குளோத்தோ மரபணு உருவாக்கும் அதே பெயருள்ள புரதம். 2006ல் அமெரிக்காவின் டல்லஸில் குரோ-ஓவின் ஆய்வகமும் ஜப்பானில் இன்னொரு குழுவும் இதைக் காட்டின. காது பழுதானால் எலும்பு எவ்வளவு கத்தினாலும் பயனில்லை. பாஸ்பேட் தேங்கும், கால்சியத்தோடு கூடி ரத்தக்குழாயில் படியும். எவ்வளவு கால்சியம் இருக்கிறது என்பதைவிட அது எங்கே போகிறது என்பதே இங்கே முக்கியம். பாஸ்பேட் குறைந்த தீவனம் கொடுத்தபோது அந்த எலிகள் பெருமளவு தேறின. மரபணுப் பழுது அப்படியே இருக்க, தீவனம் மாறியதும் உடல் மாறியது. இதைப் படித்த அன்று வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு நடப்பதும் இதுவேதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பை அரிக்கும் செல்களுக்குக் கடிவாளம் போய்விடுகிறது. கட்டுவதைவிட அரிப்பு முந்துகிறது. அந்த எலிகளிலோ கட்டுவதும் அரிப்பதும் இரண்டுமே மந்தம். ரத்தக்குழாயில் கால்சியம் படிய சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புகை என்று வேறு காரணங்களும் உண்டு. எலியின் கதை மனிதரில் மிக நெருக்கமாகப் பொருந்துவது நாள்பட்ட சிறுநீரக நோயில். அங்கே குளோத்தோ குறைகிறது, எஃப்ஜிஎஃப்23 ஏறுகிறது, எலும்பும் ரத்தக்குழாயும் சேர்ந்தே கெடுகின்றன. அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பாஸ்பேட், வைட்டமின் டி மூன்றையும் ரத்தத்தில் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

‘இளமை மரபணு’ என்ற பட்டம் 2005ல் வந்த ஆய்வால் பரவியது. குளோத்தோவைக் கூடுதலாகச் சுரக்கவைத்த ஆண் எலிகள் 20 முதல் 30 சதவீதம் அதிகம் வாழ்ந்தன. அருமையான ஆய்வு. ஆனால் மனிதருக்கென அங்கீகரிக்கப்பட்ட குளோத்தோ மருந்து எதுவும் இல்லை. அது பெரிய புரதம், விழுங்கினால் மற்றப் புரதங்களைப்போலச் செரித்துவிடும். நீங்கள் பார்த்த மாத்திரையை வாங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறொன்று. 68 வயதில் நின்ற நிலையிலிருந்து விழுந்தே எலும்பு முறிந்திருக்கிறது, அடர்த்தியும் குறைவு. அதற்குக் கால்சியம் மட்டும் சிகிச்சையாகாது. அடுத்த முறிவைத் தடுக்க எலும்பு அரிப்பைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தே அவற்றில் எதைத் தருவது என்று முடிவெடுப்பார்கள். அடுத்தமுறை போகும்போது அதைத்தான் முதலில் கேளுங்கள்.