நடன உடைகள்: ஒரு தையற்காரியின் பதில்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது ஆண்டுகளாக நடன உடை தைத்து வருகிறேன். மறக்க முடியாத நடன உடைகளைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுள் சிலவற்றிற்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ராயபுரம்): என் மகளுக்கு அடுத்த மாதம் பரதநாட்டிய அரங்கேற்றம். முன்பக்கம் விசிறி மடிப்பு வைத்துத் தைத்த இந்த உடை பழங்காலத்திலிருந்தே இருப்பதுதானா, அம்மா?

பதில்: இல்லை. கோயில்களிலும் அரசவைகளிலும் ஆடியவர்கள் பைஜாமாவின் மேல் புடவையைச் சுற்றிக் கட்டியே ஆடினார்கள். 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி ஆடியபோதுதான், கோயில் சிற்பங்களைப் பார்த்து வகுத்த புதிய உடை மேடைக்கு வந்தது. மேடம் கஸான் என்ற இத்தாலியத் தையற்காரர் அதற்கு உதவினார். பட்டுப் புடவையையே வெட்டி, பைஜாமா, விசிறி, மேலாக்கு, இடுப்புத் துணி என்று தனித்தனியாகத் தைத்துக் கொக்கி போட்டு மாட்டும் வழக்கம் பிறகு ஊரெங்கும் பரவியது.

விசிறியின் உயிர் மடிப்பில் இருக்கிறது. நேராக நிற்கும்போது கரைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே பட்டையாகத் தெரிய வேண்டும். முழங்கால்களை இருபக்கமும் மடக்கி அரைமண்டியில் அமர்ந்ததும் அத்தனையும் ஒருசேர விரிய வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணை நிற்கவைத்து மட்டும் அளவெடுத்துத் தைத்துவிட்டேன். ஒத்திகையில் முதல் அடவிலேயே தொடைப்பக்கத் தையல் பிரிந்தது. அன்றுமுதல் அரைமண்டியில் அமரச் சொல்லாமல் நான் அளவு நாடாவைக் கையில் எடுப்பதில்லை. உங்கள் தையற்காரர் அப்படி அளக்கிறாரா என்று பாருங்கள்.

கேள்வி (ஜார்ஜ் டவுன்): எங்கள் பேட்டையோடு தொடர்புடைய நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியும் இதே உடையைத்தான் அணிந்தாரா?

பதில்: உங்கள் ராமகிருஷ்ணன் தெருவில் வாழ்ந்த வீணை தனம்மாளின் பேத்தி அவர். புடவை கட்டி ஆடும் பழைய மரபை அவர் விடவில்லை. ஒரே வரிக்குப் பலவிதமாக அபிநயம் பிடித்த அவருக்கு, பார்ப்பவர் கண்ணை முழங்காலுக்கு இழுக்கும் விசிறி தேவைப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. எனக்குச் சோறு போடுவது விசிறி. மனம் சாய்வதோ புடவையின் பக்கம்.

கேள்வி (பெரம்பூர்): உடையே ஆடுபவரின் உயிரைப் பறித்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். பாரிஸில் எம்மா லிவ்ரி என்ற பாலே நடனமணி 1862-இல் ஒத்திகையின்போது மேடையின் எரிவாயு விளக்கருகே சென்றார். அவரது மெல்லிய பாவாடை பற்றிக்கொண்டது. பல மாதங்கள் வேதனைப்பட்டு 1863-இல் இறந்தார். துணியை உப்புக் கரைசலில் நனைத்துத் தீப்பிடிக்காமல் செய்யும் முறை அப்போதே இருந்தது. ஆனால் நனைத்த துணி விறைத்து நிறம் மங்கிவிடும் என்பதால் அவர் அதை மறுத்திருந்தார். எரிந்த உடையின் மிச்சத்தைப் பாரிஸ் ஓபரா இன்னும் பாதுகாத்து வருகிறது. பளபளப்புக்காக மலிவான நைலான் துணி கேட்டு வருபவர்களிடம், மேடையில் குத்துவிளக்கு எரியும் என்பதை நான் நினைவூட்டாமல் விடுவதில்லை.

கேள்வி (தண்டையார்பேட்டை): உடையால் வேலை இழந்தவர் உண்டா?

பதில்: உண்டு, நிஜின்ஸ்கி என்ற ரஷ்ய பாலே நடனக் கலைஞர். 1911-இல் ரஷ்ய அரசு அரங்கில், இறுக்கமான காலுறைமேல் வழக்கமாக அணியும் குட்டைக் காற்சட்டை இல்லாமல் ஆடியதற்காக அவரை நீக்கினார்கள்.

கேள்வி (காசிமேடு): நடன உடைக்குக் காப்புரிமை பெற முடியுமா?

பதில்: அமெரிக்க நடனக் கலைஞரான லோயி ஃபுல்லர் 1894-இல் பெற்றார். கஜக்கணக்கான பட்டுத் துணிக்குள் கோல்களைப் பிடித்துச் சுழற்றி, அதன்மேல் வண்ண விளக்குகளைப் பாய்ச்சுவார். ஆளே மறைந்து துணி மட்டும் ஆடுவதுபோல் இருக்கும். பலரும் அதைப் பார்த்து ஆடத் தொடங்கியதால், கோல் பொருத்திய அந்த அங்கியைத் தம் பெயரில் பதிவு செய்துகொண்டார்.

கேள்வி (வியாசர்பாடி): என் தாத்தா தெருக்கூத்தில் கட்டை வேஷம், அதாவது மர அணிகள் பூணும் ராஜா வேஷம், கட்டியவர். அவ்வளவு பெரிய கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் சுமந்துகொண்டு விடிய விடிய எப்படி ஆடினார்?

பதில்: பார்வைக்குத்தான் அவை பாரம். கல்யாண முருங்கை மரம் காய்ந்தபின் மிகவும் லேசாகிவிடும். அதைச் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டிச் செய்கிறார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடிகள் மின்னும்போது கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ராஜா வந்துவிட்டது தெரியும். தாத்தாவின் கட்டைகள் வீட்டில் இருந்தால் ஒருமுறை கையில் தூக்கிப் பாருங்கள்.