முதியோர் பக்கம்: வீட்டார் எதிரே கேட்காதீர்கள்

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) ஆய்வுக்காகக் கிராமத்து முதியவர்களிடம் ஜி.டி.எஸ்.-15 மனச்சோர்வு வினாப்பட்டியலை நிரப்புகிறேன். பாதிப்பேர் "எனக்கென்ன குறை, நல்லா இருக்கேன்" என்று முடித்துவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் சொல்லிவைத்தாற்போல 10 மதிப்பெண். எங்கே தவறு?
- மாணவி, திருநெல்வேலி

பதில்: முதலில் அந்த 10-ஐப் பார்ப்போம். 15 கேள்விகளில் பத்துக்கு 'ஆம்' என்றால் ஒரு மதிப்பெண். மீதி ஐந்துக்கு (1, 5, 7, 11, 13) 'இல்லை' என்றால்தான் மதிப்பெண். காது மந்தமான பெரியவர் எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா" என்று தலையாட்டினால் சரியாக 10 வந்து நிற்கும். 5-ஐத் தாண்டினாலே மனச்சோர்வு இருக்கலாம் என்பது வழக்கமான அளவு. 10 வந்த தாள்களில் 1-ஆம் கேள்வியையும் (வாழ்க்கை திருப்தியா?) 3-ஆம் கேள்வியையும் (வெறுமையாகத் தோன்றுகிறதா?) ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் 'ஆம்' என்றிருந்தால் மறுபடி போய்க் கேளுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே உட்கார்ந்து, நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் சொல் சிதைந்துதான் போகும்.

"நல்லா இருக்கேன்" என்பது வேறு சங்கதி. மருமகள் காதில் விழும் தூரத்தில் இருக்கும்போது பாட்டி வேறென்ன சொல்வார்? இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் அடுக்களைப் பக்கம் வீட்டு விவரங்களைக் கேட்கட்டும். மற்றவர் திண்ணையில் பெரியவரோடு உட்காரட்டும். ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கும்போதும் சாட்சி உங்கள் குழு ஆளாக இருக்கக் கூடாது.

9-ஆம் கேள்வியில் கவனம் தேவை. வெளியே போவதைவிட வீட்டில் இருப்பதே பிடிக்கிறதா என்பது அது. மூட்டுவலிக்காரரும், 'இந்த வயசில் எங்கே போக' என்று இருப்பவரும் 'ஆம்' என்றுதான் சொல்வார்கள். காரணத்தை ஓரத்தில் குறித்துவையுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று இந்தப் பட்டியல் நேராகக் கேட்பதில்லை. நீங்கள் தனியே கேட்க வேண்டும். உண்டு என்றால் தாளை மூடிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கூடவே இருந்து மனநல உதவி எண் 14416-க்குப் பேசவையுங்கள், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் தெருப் பெரியவர் வீட்டை மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது சோறுகூடச் சரியாகக் கிடைப்பதில்லை. நான் மனு எழுதித் தரலாமா?
- சுயஉதவிக் குழு உறுப்பினர், தஞ்சாவூர்

பதில்: தரலாம். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பெரியவரால் தாமே கொடுக்க முடியாதபோது அவர் அதிகாரம் அளிக்கும் எவரும் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மகன் பெயரை மட்டும் போடாமல் மகள்களையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் "அவர்களையும் கூப்பிடுங்கள்" என்று மகன் கேட்பார், நாள் இழுக்கும். பராமரிப்புத் தொகைக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். ஆணை வந்தும் பணம் வராவிட்டால், தர வேண்டிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மறுபடி மனு போட வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

வீட்டைத் திரும்பப் பெற அதே சட்டத்தில் பிரிவு 23 இருக்கிறது. 'கவனித்துக்கொள்வேன்' என்ற நிபந்தனைமேல் எழுதிக் கொடுத்ததாகக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. 2025 ஜனவரியில், பத்திரத்தோடு மகன் தனியாக எழுதித் தந்த உறுதிமொழியையும் ஏற்று, தாய்க்குச் சொத்தை மீட்டுத் தந்தது. ஆகவே பத்திர நகலோடு, மகன் எழுதிய துண்டுக் கடிதம் இருந்தாலும் தேடி எடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பெரியவருக்கு இதில் விருப்பமா என்று தனியே கேளுங்கள். மனு கொடுத்த அன்று இரவும் அவர் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். தங்க மாற்று இடம் பார்க்காமல் கொடுத்த மனுக்கள்தான் அடுத்த வாரமே வாபஸ் ஆகின்றன. முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்கு நினைவாற்றலைச் சோதிக்கும் எம்.எம்.எஸ்.இ. தேர்வில் 30-க்கு 20. மறதி நோயா?
- வாசகர், மதுரை

பதில்: இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது 5, படிப்பது 1, எழுதுவது 1, படம் வரைவது 1 என 8 மதிப்பெண் பள்ளிக்கூடம் போனவர்களுக்கே சாதகம். ரேஷன் கடையில் சில்லறை எண்ணி வாங்குகிறாரா, குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போடுகிறாரா, இதெல்லாம் போன வருடம் எப்படி இருந்தது என்று வீட்டில் விசாரியுங்கள். மாற்றம் தெரிந்தால் காது, தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் பரிசோதித்த பிறகு மருத்துவரிடம் பேசலாம். ஓரிரு நாளில் திடீரென வந்த குழப்பமென்றால் காத்திருக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்றுகூடக் காரணமாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.