மறுக்காமல் இருப்பது சம்மதமாகுமா?

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்து, பொள்ளாச்சியில் இரவுப் பணி முடித்து விடியலில் வீடு திரும்பும் நீங்கள், மனைவி தாம்பத்திய உறவுக்கு ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை என்றும், சென்ற வாரம் திடீரென "எனக்கு விருப்பமே இருந்ததில்லை" என்று அழுதார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார், கையை விலக்கமாட்டார், பேசவும் மாட்டார் என்ற உங்கள் வரியிலேயே விடை இருக்கிறது. மறுத்தால் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், சாப்பிடாமல் படுத்துவிடுவார் என்ற அச்சத்தில் இணங்குவது விருப்பமாகாது; நீங்கள் அப்படி நடந்துகொண்டதுண்டா என்பது உங்களுக்கே தெரியும்.

நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு, 18 வயது நிறைந்த மனைவியுடனான உறவை வன்புணர்வின் வரையறையிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் துன்புறுத்தலையும் வன்முறை என்கிறது. மனைவியின் விருப்பத்தை மதிக்காத உறவு விவாகரத்துக்குரிய கொடுமையே என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, "கட்டியவளிடம் என்ன கேள்வி" என்ற உங்கள் மைத்துனரின் ஆறுதலை நான் ஏற்கமாட்டேன்.

இரவில் வேண்டாம், குழந்தை பள்ளிக்குச் சென்றபின் பகலில் அவரைப் பேசச் சொல்லி, குறுக்கே நியாயம் பேசாமல் கேளுங்கள். அவராக நெருங்கும்வரை நீங்கள் அணுகாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வலி இருந்ததாகவும் சொல்லியிருப்பதால், அவர் விரும்பினால், பாலக்காட்டிலோ கோவையிலோ ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உள்ளே அவர் தனியாகப் பேசட்டும்.