கிட்டாரின் கீ ஆடினால் முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

கேள்வி: மகளுடைய அக்கூஸ்டிக் கிட்டாரில் இரண்டு டியூனிங் கீகள் தளர்ந்து ஆடுகின்றன. சுருதி சேர்த்தால் அரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. இதை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். ஒரு சிறிய திருப்புளியும் ஒரு ஸ்பேனரும் இருந்தால் போதும். ஆனால் கீ ஆடுவதும் சுருதி இறங்குவதும் ஒரே கோளாறு என்று எண்ணி உடனே எல்லாத் திருகுகளையும் இறுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இவை பல சமயங்களில் தொடர்பில்லாத இரு வேறு கோளாறுகளாகவே இருக்கின்றன.

வீணையில் தந்தியை முறுக்கும் மரமுளையான பிரடை துளைக்குள் உராய்வினால் மட்டுமே நிற்கிறது. அதனால் வழுக்குகிறது, சாக்பீஸ் தடவினால் பிடித்துக்கொள்கிறது. கிட்டாரின் கீ அவ்வகையைச் சேர்ந்ததன்று. குமிழைத் திருகும்போது புரியிட்ட சிறு தண்டு ஒன்று சுழன்று, தந்தி சுற்றியிருக்கும் தண்டின் அடியிலுள்ள பற்சக்கரத்தைத் தள்ளுகிறது. 14:1 என்று குறிக்கப்பட்ட கீயில் குமிழை 14 சுற்றுச் சுற்றினால்தான் தந்தித் தண்டு ஒரு சுற்று வரும். புரி சக்கரத்தைத் திருப்பும். சக்கரத்தால் புரியைத் திருப்ப இயலாது. ஆகவே பற்கள் தேய்ந்தோ உடைந்தோ போயிருந்தாலன்றி, தந்தி எவ்வளவு இழுத்தாலும் கீ தானாகப் பின்வாங்காது.

இதைச் சோதிப்பது எளிது. சுருதி சேர்த்தவுடன் தந்தித் தண்டின் தலையில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளியும், அதற்கு நேராகப் பக்கத்தில் ஒட்டிய காகித நாடாவில் இன்னொரு புள்ளியும் வையுங்கள். சுருதி இறங்கிய பிறகும் இரண்டும் நேராகவே இருந்தால் பற்சக்கரத்தில் குறையில்லை என்று பொருள்.

இனி ஆட்டத்தைச் சரிசெய்யலாம். முதலில் அந்தத் தந்தியைத் தளர்த்திவிடுங்கள். பற்சக்கரம் உறைக்குள் மறைந்திருக்கும் மூடிய வகைக் கீயாக இருந்தால், கிட்டார் தலையின் முன்பக்கத்தில் தண்டைச் சுற்றி அறுகோண மரை ஒன்று இருக்கும். பலவற்றில் அதற்கு 10 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். மரம் சுருங்கி விரிவதால் முதலில் தளர்வது இதுதான். விரலால் முடிந்தவரை இறுக்கியபின் ஸ்பேனரால் ஒரு சிறு திருப்புப் போதும். அதற்கு மேல் அழுத்தினால் வாஷர் மரத்துக்குள் பதிந்து மேற்பூச்சு வெடிக்கும். குமிழே ஆடினால் அதன் நுனியிலுள்ள திருகைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். பற்சக்கரம் வெளியே தெரியும் வகைக் கீயாக இருந்தால் சக்கரத்தின் நடுத் திருகையும் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடலாம். மூடிய கீக்கு எண்ணெய் தேவையில்லை.

கீயை மரத்தோடு பிணைக்கும் பின்பக்கத் திருகு எவ்வளவு திருப்பியும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், மரத்திலுள்ள துளை தேய்ந்துவிட்டது என்று பொருள். இந்த இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். இன்னும் பருமனான திருகைச் செலுத்தினால் மரம் பிளக்கும்; நீளமான திருகு முன்பக்கம் துளைத்துக்கொண்டு வரும்; உடனடிப் பசையை ஊற்றினால் அது கீக்குள் கசிந்து எல்லாவற்றையும் பூட்டிவிடும். அதற்குப் பதிலாகத் திருகைக் கழற்றி, மரவேலைக்குரிய வெள்ளைப் பசையில் தோய்த்த பல்குச்சிகளைத் துளை நிறையும்வரை செருகி, நீட்டியிருப்பதைக் கூரிய கத்தியால் மட்டமாக வெட்டி, ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். பிறகு ஊசியால் நடுவில் சிறு வழி ஏற்படுத்தி, பழைய திருகையே கையால் மெல்லச் செலுத்தினால் புதிய மரத்தில் பிடிப்பதுபோல் பிடிக்கும். பொறுமை தேவைப்படும் வேலைதான், ஆனால் இதைவிட நம்பகமான வழியை நான் கண்டதில்லை.

புள்ளிகள் நகராமலே சுருதி இறங்குகிறது என்றால் தந்தியைப் பாருங்கள். புதுத் தந்தி சில நாட்கள் நீளத்தான் செய்யும். விரலால் மெல்ல இழுத்து இழுத்துச் சுருதி சேர்த்தால் விரைவில் அடங்கும். தண்டில் பருமனான தந்திக்கு இரண்டு மூன்று சுற்றும், மெல்லிய தந்திக்கு மூன்று நான்கு சுற்றும், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி அமைய வேண்டும். திருகும்போது 'டிக்' என்று ஒலி கேட்டால், கழுத்தின் மேல்முனையிலுள்ள நட் எனப்படும் வெள்ளைத் துண்டின் பள்ளத்தில் தந்தி சிக்குகிறது. அந்தப் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்தால் வழவழப்பாகும்.

புள்ளி நகர்ந்திருந்தாலோ, குமிழைத் திருகும்போது பற்கள் தாவுவதை விரல் உணர்ந்தாலோ, அந்தக் கீயைப் பழுதுபார்க்க முயலாமல் மாற்றிவிடுங்கள். இடப்பக்கக் கீயும் வலப்பக்கக் கீயும் அமைப்பில் வேறுபடும் என்பதால், பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்று, தண்டின் பருமனும் திருகுத் துளையின் இடமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். கீயைக் கழற்றியபின் துளையைச் சுற்றி மரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் மட்டும் எதையும் தொடாமல், எல்லாத் தந்திகளையும் தளர்த்திக் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.