மிக்ஸ்சர் ஸ்க்ரூ கடைசியில்தான்: பழைய இன்ஜெக்‌ஷன் கார் கேள்வி-பதில்

1982 மெர்சிடிஸ் 230ஈ. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஓட்டிவிட்டு நிறுத்தி அரை மணி கழித்து எடுத்தால் செல்ஃப் நெடுநேரம் அடிக்க வேண்டியிருக்கிறது. ஸ்டார்ட் ஆன பிறகும் கொஞ்ச நேரம் மிஸ்ஸிங். பம்ப் மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்ற வேண்டாம். பம்ப் போயிருந்தால் ஓடும்போதே திணறும். இன்ஜினை அணைத்த பிறகு லைனில் பிரஷர் நிற்கவில்லை; அதனால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். அரை மணி கழித்தும் 2 பார் அளவுக்காவது இருக்க வேண்டும். இறங்கினால் முதல் சந்தேகம் அக்யுமுலேட்டர் (அணைத்த பிறகும் பிரஷரைப் பிடித்து வைக்கும் பாகம்). அதன் பின்பக்க ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றிவிட்டு பம்பை ஓடவிடுங்கள். அந்த முனையில் பெட்ரோல் வந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அங்கே ஈரமில்லை என்றால் பம்ப் வெளிவாயிலில் உள்ள செக் வால்வு (பெட்ரோல் திரும்பி வராமல் தடுப்பது). அது தனியாகவே கிடைக்கிறது. அதுவும் சரியென்றால், குளிரில் ஸ்டார்ட் ஆகக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும் கோல்ட் ஸ்டார்ட் வால்வைக் கழற்றி, சொட்டுகிறதா என்று பாருங்கள். யூனியன்களைத் திரும்ப முடுக்கும்போது செம்பு வாஷர்கள் புதிதாக இருக்கட்டும்.

1979 மெர்சிடிஸ் 280ஈ-யில் ஸ்கேனர் எங்கே மாட்டுவது?

எங்கும் மாட்ட முடியாது. அதிலுள்ள கே-ஜெட்ரானிக் (போஷ் நிறுவனத்தின் பழைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் அமைப்பு) முழுக்க மெக்கானிக்கல். பிரஷர் கேஜ்தான் உங்கள் ஸ்கேனர்.

பழைய ஜெர்மன் கார், இன்ஜெக்‌ஷன். சரியாக ஓடவில்லை. என்ன செய்வது?

எந்த கார், எந்த ஆண்டு, குளிரிலா சூட்டிலா, ஐடிலிலா ரேஸ் பண்ணும்போதா, கரும்புகை உண்டா? ஒன்றையும் எழுதாமல் கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. இவற்றோடு திரும்ப எழுதுங்கள்.

கே-ஜெட்ரானிக் வண்டி. ஐடிலிங் ஏறி இறங்கியது. மெக்கானிக் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகி சரிசெய்தார். இப்போது பிளக் எல்லாம் கறுப்பு, பிக்கப் இல்லை. எத்தனை சுற்று திரும்பத் திருக வேண்டும்?

இந்தப் பக்கத்துக்கு அதிகம் வருவது இந்தக் கேள்விதான். பெட்ரோல்-காற்றுக் கலவையின் அளவை நிர்ணயிக்கும் அந்த ஸ்க்ரூ தானாக நகராது. நேற்றுவரை நன்றாக ஓடிய இன்ஜின் இன்று தடுமாறினால் கெட்டது வேறு ஏதோ ஒன்று. அதைத் தேடாமல் ஸ்க்ரூவைத் திருகினால் கோளாறு அப்படியே இருக்கும். சரியாக இருந்த ஒரே அளவும் கெட்டுப்போகும். எத்தனை சுற்று என்று கணக்குச் சொல்ல முடியாது. கால் சுற்றே பெரிய மாற்றம்.

வரிசையாகப் போங்கள். முதலில் பிளக், பாயின்ட் அல்லது இக்னிஷன் யூனிட், டைமிங், டேப்பெட். பிறகு ஏர் லீக். இன்ஜினுக்குப் போகும் காற்றை அளப்பது சென்சார் தட்டு; அதன் வழியாக வராமல் வேறு ஓட்டையில் நுழையும் காற்று கணக்கில் வராது, கலவை மெலிந்துவிடும் (பெட்ரோல் குறைந்துவிடும்). ஐடிலில் ஆயில் மூடியைத் திறங்கள். இன்ஜின் சட்டென்று தடுமாற வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் ஏற்கெனவே எங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது: இன்ஜெக்டர் ஓ-ரிங் காய்ந்து கல்லாகியிருக்கும், அல்லது தட்டுக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலுள்ள ரப்பர் வெடித்திருக்கும். ரப்பரை மடக்கி அடிப்பக்கத்தையும் பாருங்கள்.

அடுத்து கேஜ். சிஸ்டம் பிரஷர் சுமார் 5 பார். கன்ட்ரோல் பிரஷர் (கலவையை நிர்ணயிக்கும் அழுத்தம்; குறைந்தால் பெட்ரோல் கூடும்) குளிர்ந்த இன்ஜினில் ஒன்றரை முதல் 2, சூடான பின் மூன்றரை. உங்கள் மாடலின் சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். சூடான பிறகும் ஏறவில்லையென்றால் அந்த அழுத்தத்தை மாற்றும் வார்ம்-அப் ரெகுலேட்டரின் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா என்று சோதியுங்கள். உள்ளே ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் கலவை கெட்டியாகவே (பெட்ரோல் அதிகமாகவே) நின்று கரும்புகை தள்ளும். குளிரிலேயே 3 பார் காட்டினால் கலவை மெலிந்து காலையில் திணறும்.

கடைசியாக சென்சார் தட்டை விரலால் மெதுவாகத் திறந்து பாருங்கள். முழுத் தூரமும் ஒரே எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் பிடித்தால், தட்டு தள்ளும் பிளஞ்சரில் (பெட்ரோலை அளந்துவிடும் சிறு தண்டு) கறை அல்லது துரு.

இவ்வளவும் சரியென்றால் மட்டும் 3 மிமீ ஆலன் கீ. அதுவும் சூடான இன்ஜினில், சைலன்சரில் சிஓ மீட்டர் (புகையில் கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவி) வைத்து. வலஞ்சுழியாகத் திருகினால் கெட்டி, இடஞ்சுழி மெலிவு. கீ உள்ளே இருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தொடக் கூடாது. தட்டின் லீவர் வளைந்துவிடும்.

ஜாகுவார் எக்ஸ்ஜே6 சீரிஸ் 3, 4.2. குளிரில் அருமை, சூடானதும் கரும்புகை.

இது எல்-ஜெட்ரானிக் வகை; பெட்ரோல் அளவை எலக்ட்ரானிக் யூனிட் தீர்மானிக்கும். கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் பிளக்கைக் கழற்றி ஓம் அளவிடுங்கள். 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம், 80-ல் சுமார் 300 ஓம். சூட்டிலும் கிலோ ஓம் கணக்கில் காட்டினால் யூனிட் இன்ஜினைக் குளிர்ந்ததாகவே நினைத்துப் பெட்ரோலை ஊற்றுகிறது. சென்சார் மட்டுமல்ல, அதன் வயரும் அறுந்திருக்கலாம். முதலில் கனெக்டரைச் சுத்தம் செய்யுங்கள்.

இ20 பெட்ரோல் போட்ட பிறகு கே-ஜெட்ரானிக் வண்டி ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது திணறுகிறது.

எதிர்பார்த்ததுதான். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்குச் சுமார் 7 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஆக்சிஜன் சென்சார் இல்லாத இந்த அமைப்பு அதைத் தானாகக் கொடுக்காது. மேலே சொன்ன வரிசையை முடித்த பிறகு சிஓ மீட்டரோடு கொஞ்சம் கெட்டியாக்கலாம். ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டரின் (பெட்ரோலை இன்ஜெக்டர்களுக்குப் பிரித்துத் தரும் பாகம்) பிளஞ்சர் துருப்பிடித்தால் செலவு பெரியது.

கோல்ஃப் ஜிடிஐ, 1.6. ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங். பிளக் மாற்றியாயிற்று.

நான்கு இன்ஜெக்டர்களையும் உருவி நான்கு அளவுக் குப்பிகளில் விடுங்கள். பம்ப் ரிலேயைக் கழற்றி 30, 87 முனைகளை ஃபியூஸ் உள்ள கம்பியால் இணைத்து, சென்சார் தட்டைத் தூக்குங்கள். கூம்பாகப் பனிபோல் அடிக்க வேண்டும். நான்கிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். குறைவாக வரும் இன்ஜெக்டரைப் பக்கத்து லைனில் மாட்டிப் பாருங்கள். குறை இன்ஜெக்டரோடு போனால் இன்ஜெக்டர்தான். லைனிலேயே நின்றால் ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டர். நான்கும் சமமென்றால் கம்ப்ரெஷன் எடுங்கள். திறந்த வெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

போர்ஷே 911 எஸ்சி. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கம் 'டப்' என்றது. அன்றிலிருந்து ஐடில் நிற்கவில்லை.

பேக்ஃபயரில் பிளாஸ்டிக் ஏர்பாக்ஸ் வெடித்துவிட்டது. ஒட்டாதீர்கள், மாற்றுங்கள். கழற்றியிருக்கும்போதே பாப்-ஆஃப் வால்வும் (பேக்ஃபயர் அழுத்தத்தை வெளியே விடுவது) போட்டுவிடுங்கள். பேக்ஃபயர் ஏன் வந்தது என்பதையும் பாருங்கள்: குளிர் கன்ட்ரோல் பிரஷரை அளந்தீர்களா?