ஓவன் தொடாத பிறந்தநாள் சீஸ்கேக்

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்காக, ஓவன் இல்லாமல் செய்யும் சீஸ்கேக்கை முதன்முறையாகச் செய்தேன். பிற்பகலில் செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, நான்கு மணி நேரம் கழித்து அச்சின் வளையத்தைக் கழற்றியபோது ஓரங்கள் மெல்லச் சரிந்தன. நடுவில் செருகிய மெழுகுவர்த்தியும் சாய்ந்துவிட்டது. சுவையில் குறையில்லை. டப்பாவில் வரும், ரொட்டியில் தடவும் கொழுப்பு குறைந்த கிரீம் சீஸைப் பயன்படுத்தியிருந்தேன். அடுத்த மாதம் மகனின் பிறந்தநாள் வருகிறது. எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்திலேயே இரண்டு காரணங்களும் இருக்கின்றன: ஒன்று அந்த டப்பா, மற்றொன்று அந்த நான்கு மணி நேரம். ஓவனில் வேகும் சீஸ்கேக்கை முட்டை இறுகித் தாங்குகிறது. வேகாத சீஸ்கேக்கில் அந்தத் துணை கிடையாது. குளிர்ந்து கெட்டியான கொழுப்பும், அடித்த கிரீமுக்குள் சிறைப்பட்ட காற்றும்தான் அதை நிற்க வைக்கின்றன. தடவுவதற்கென்று மென்மையாகத் தயாரிக்கப்படும் சீஸில், அதிலும் கொழுப்பு குறைந்த வகையில், நீர் அதிகம். எவ்வளவு குளிரவைத்தாலும் அது கட்டிச் சீஸைப் போல இறுகாது. ஆகவே முழுக் கொழுப்புள்ள கட்டி கிரீம் சீஸையே வாங்குங்கள்.

20 செ.மீ. அகலமுள்ள, வளையம் கழலும் அச்சுக்கு 200 கிராம் பிஸ்கட், 100 கிராம் உருக்கிய வெண்ணெய், 500 கிராம் கிரீம் சீஸ், 100 கிராம் ஐசிங் சுகர், 35 சதவீதக் கொழுப்புள்ள விப்பிங் கிரீம் 300 மி.லி., எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, சிறிது வெனிலா எசன்ஸ் ஆகியவை போதும். பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெயில் பிசறியதும் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்தாலும் பிடித்த வடிவம் கலையாமல் இருந்தால் பதம் சரி. தட்டையான அடியுள்ள தம்ளரால் அச்சில் அழுத்திப் பரப்பி, அரை மணி நேரம் குளிரவைத்தால் வெண்ணெய் மீண்டும் உறைந்து தூளைப் பிடித்துக்கொள்ளும்.

மேல் கலவையில் ஒரு முரண் இருக்கிறது: சீஸ் குளிர்ச்சி நீங்கி மென்மையாக இருக்க வேண்டும், கிரீமோ நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சீஸைச் செய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்து, சர்க்கரை சேர்த்துக் கட்டியில்லாமல் அடித்த பிறகே எலுமிச்சைச் சாற்றையும் எசன்ஸையும் விடுங்கள். கிரீமைத் தனிப் பாத்திரத்தில் அடியுங்கள். அடிப்பானைத் தூக்கும்போது எழும் முனை வளைந்து விழாமல் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நின்ற அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டினால் கிரீம் மணல் மணலாகி, வெண்ணெயாகத் திரளத் தொடங்கும். இரண்டையும் சேர்க்கும்போது, அடைபட்ட காற்று வெளியேறாதபடி, கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலக்க வேண்டுமே தவிர மறுபடியும் அடிக்கக் கூடாது.

பிறகு வேண்டியது பொறுமைதான். ஆறு மணி நேரம் என்பது குறைந்த அளவு. முதல் நாள் இரவே செய்து வைப்பதையே நான் வற்புறுத்துவேன். பிறந்தநாள் அன்று வேறு நூறு வேலைகள் இருக்கும் என்பதாலும் அதுவே நல்லது. கழற்றும் முன் வெந்நீரில் பிழிந்த துணியை வளையத்தைச் சுற்றிச் சில நொடிகள் வைத்தால் ஓரம் பிய்யாமல் விடுபடும். வெட்டும்போது கத்தியை வெந்நீரில் நனைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விலங்குகளிலிருந்து எடுக்கப்படும் உறைபொருளான ஜெலட்டினை நாங்கள் சேர்ப்பதில்லை. அதற்குப் பதிலாகக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் அகர் கலந்தேன். சீஸ்கேக் முழுவதும் சிறு சிறு கட்டிகளாகிவிட்டன. ஏன்?

பதில்: அகர் அகர் 40 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வரும்போதே இறுகத் தொடங்கிவிடும், மறுபடி கரைய 85 டிகிரி வரை சூடு வேண்டும். குளிர்ந்த சீஸில் ஊற்றினால் கலப்பதற்கு முன்பே அது உறைந்துவிடுகிறது, உங்களுக்கு நேர்ந்தது இதுதான். ஒரு தேக்கரண்டித் தூளை 100 மி.லி. நீரில் கரைத்து இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். வெறும் சூடு போதாது, கொதித்தால்தான் முழுவதும் கரையும். இறக்கியதும் மூன்று கரண்டி சீஸ் கலவையை அதில் போட்டு விரைவாகக் கலக்கி, அதன் பிறகு அந்தக் கலவையை மீதிச் சீஸில் ஊற்றிக் கலந்து, உடனே கிரீமைச் சேர்த்து அச்சில் நிரப்பிவிடுங்கள். மேலே கூறிய முறையில் செய்தால், உறைய வைக்கும் பொருள் எதுவும் இல்லாமலே சீஸ்கேக் நிற்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: ஜெலட்டின் சேர்த்த சீஸ்கேக்கின் மேல் நறுக்கிய அன்னாசியை அடுக்கினேன். காலையில் மேற்பகுதி நீர்த்திருந்தது. பழத்தின் சாறுதான் காரணமா?

பதில்: சாற்றைவிட அதில் உள்ள புரோமெலைன் என்ற நொதியே காரணம். ஜெலட்டின் ஒரு புரதம். அந்த நொதி புரதத்தைத் துண்டாடிவிடும். சமைக்காத கிவியும் பப்பாளியும் இதே வேலையைச் செய்யும். பால் புரதத்தையும் அவை விடுவதில்லை, அதனால் கசப்பும் தட்டும். பழத்தைச் சர்க்கரையுடன் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டோ, டின்னில் அடைத்ததை வடித்தோ பயன்படுத்தினால் சிக்கல் இல்லை, ஏனெனில் சூட்டில் நொதி செயலிழந்துவிடுகிறது. ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரி போன்றவற்றை அப்படியே அடுக்கலாம்.

கேள்வி: விருந்தினர் வரத் தாமதமானால் சீஸ்கேக்கை எவ்வளவு நேரம் மேசைமேல் வைக்கலாம்?

பதில்: மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்; வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரமே. பாலும் சீஸும் சேர்ந்த பண்டம் என்பதால், பார்வைக்குக் கெடாததுபோல் இருந்தாலும் இதில் தளர்வு கூடாது, குழந்தைகள் சாப்பிடுகிறார்கள். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகே வெளியே எடுத்து மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள். மிஞ்சியதை மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாட்களுக்குள் முடித்துவிடலாம்.